தாளை மறந்த வலைப்பக்கம்

வலைப்பக்கம் ஒன்றை அச்சிட்டுப் பார்த்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதன்று. முதல் தாளில் நிறுவனத்தின் சின்னமும், மேலே தொங்கும் பட்டியும், ஒரு விளம்பரமும் இருக்கும். நமக்கு வேண்டிய செய்தி இரண்டாம் தாளின் நடுவில்தான் தொடங்கும். அட்டவணையின் தலைவரி ஒரு தாளிலும் அதற்குரிய எண்கள் மறு தாளிலுமாகப் பிரிந்து கிடக்கும். கடைசித் தாளில் பதிப்புரிமை பற்றிய ஒற்றை வரி மட்டும் காவல் நிற்கும். அச்சுப்பொறி கெட்டுவிட்டது போலும் என்று நினைத்து அதை அணைத்துப் போட்டுப் பார்ப்பவரும் உண்டு. பொறியின் மேல் குற்றமில்லை. குற்றம் அந்தப் பக்கத்தை எழுதியவர் மேல்தான்.

இதனால் என்ன பெரிய நட்டம் என்று நீங்கள் கேட்கலாம். சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். மூன்று தாளில் அடங்க வேண்டிய பாடத்திட்டம் ஒன்று ஏழு தாள்களாக வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் அதை அச்சிட்டால், வீணாகும் தாள்கள் 160. தாளுக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துக் கடையில் அச்சிட்டு வாங்கும் மாணவனுக்கு இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று. பையிலிருந்து போகும் பணம். அட்டவணையில் தேதி மாறிப் படிக்கப்பட்டால் நட்டம் பணத்தோடும் நிற்காது.

இந்நோய்க்கு மருந்து இல்லையா? உண்டு. 1998 முதலே உண்டு. அந்த மருந்து எத்தகையது, அதை ஏன் பலர் கொடுப்பதில்லை, கொடுப்பவர்களும் எங்கே தவறுகிறார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரை வேறு, தாள் வேறு

திரைக்கு அடி என்பது கிடையாது. விரலால் தள்ளத் தள்ள எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். தாளோ 297 மில்லிமீட்டரில் முடிந்துவிடும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 20 மி.மீ. ஓரம் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 170 மி.மீ. வலைப்பக்கங்களின் அளவு முறையில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். ஆகவே 170 மி.மீ. என்பது ஏறத்தாழ 642 பிக்சல். மேசைக் கணினியின் திரை அகலம் 1920 பிக்சல் என்றால், அதில் மூன்று பத்திகளாக விரித்து வைத்ததை மூன்றில் ஒரு பங்கு அகலத்தில் எப்படி அடைப்பது? ஒன்று எழுத்து எறும்பளவு சுருங்க வேண்டும், அல்லது ஓரம் வெட்டுப்பட வேண்டும்.

வேறுபாடுகள் இன்னும் உள்ளன. திரையில் எப்போதும் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டியைப் பார்த்திருப்பீர்கள். அச்சிடும்போது, விதிப்படி, அது ஒவ்வொரு தாளிலும் மீண்டும் மீண்டும் தோன்ற வேண்டும். தோன்றும் இடத்தில் உள்ள வரிகளை அது மறைத்தும் விடும். ஒரு சிறு பெட்டிக்குள் உருட்டிப் படிக்குமாறு நீண்ட செய்தியை வைத்திருந்தால், தாளில் பெட்டியை உருட்ட முடியாது. எனவே தெரிந்த பகுதி மட்டும் அச்சாகும், மீதி போயே போகும். மேலும், மையைச் சேமிப்பதற்காகப் பின்னணி வண்ணங்களை அச்சிடாமல் விடுவதே உலாவிகளின் இயல்பு. பின்னணி வண்ணத்தைக் கொண்டே வரைந்த பட்டை வரைபடம் தாளில் பட்டைகளே இல்லாத வரைபடமாக வந்து நம்மைத் திகைக்க வைக்கும்.

இவற்றில் எதுவும் உலாவியின் பிழையன்று. தாளில் எதை வைப்பது, எதை விடுவது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததை அது எவ்வாறு அறியும்?

பாணித்தாள் என்னும் ஏற்பாடு

வலைப்பக்கத்தில் இரண்டு கூறுகள் உண்டு. செய்தி ஒன்று, அதன் தோற்றம் மற்றொன்று. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணை என்று செய்தியைக் குறிப்பது எச்.டி.எம்.எல். தலைப்பு எவ்வளவு பெரிதாக, என்ன வண்ணத்தில், எங்கே இருக்க வேண்டும் என்று கூறுவது சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள். வலை பிறந்த அதே செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹோகோன் வியும் லீ 1994 அக்டோபரில் இக்கருத்தை முன்மொழிந்தார். பெர்ட் போஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். முதல் பதிப்பு 1996 டிசம்பரிலும், இரண்டாம் பதிப்பு 1998 மே மாதத்திலும் பரிந்துரையாக வெளிவந்தன.

அந்த இரண்டாம் பதிப்புத்தான் நமக்கு முக்கியமானது. ஒரே செய்திக்குப் பல உடைகள் இருக்கலாம் என்று அது வகை பிரித்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றையும் சேர்த்து மொத்தம் பத்து வகைகள். திரை, அச்சு, பேச்சொலி, தொட்டுணரும் பிரெயில், பிரெயில் அச்சு, கைக்கருவி, ஒளிவீழ்த்தி, தொலைக்காட்சி, தொலைத்தட்டச்சு என்று பட்டியல் நீண்டது. பிற்காலத்தில் அவற்றுள் ஏழு கைவிடப்பட்டன. பேச்சொலி மட்டும் வேறு பெயரில் மீண்டு வந்தது. ஆனால் திரையோடு சேர்ந்து அச்சு இன்றளவும் நிலைத்து நிற்கிறது. தாளின் காலம் முடிந்தது என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்பதிப்பின் 13ஆம் இயல் முழுவதும் தாளைப் பற்றியது. அதைப் படித்தால் பழைய அச்சுக்கூடத்தில் நுழைந்தது போன்ற உணர்வு உண்டாகும். தலைப்புக்குப் பின் பக்கம் முறியக்கூடாது என்று கட்டளையிடலாம். ஒரு பத்தியின் முதல் வரி மட்டும் தாளின் அடியில் தனித்து நிற்பதையும், கடைசி வரி மட்டும் அடுத்த தாளின் தலையில் தனித்து நிற்பதையும் தடுக்கலாம். குறைந்தது எத்தனை வரிகள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை எண்ணாகவே கொடுக்கலாம். எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு என்று கொள்ளப்படும். அச்சுக்கோப்பவர் கண்ணாலும் கையாலும் செய்துவந்த காவல் பணியை, ஒரு வரி விதியால் பொறிக்குக் கற்றுக்கொடுக்க முனைந்த முயற்சி இது. பாராட்டத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை.

கூட்டாமல் கழித்துக் காட்டியவர்

விதி இருந்தால் மட்டும் போதுமா? அதைப் பயன்படுத்தும் முறையை ஒருவர் எடுத்துக்காட்ட வேண்டும். அப்பணியைச் செய்தவர் எரிக் மேயர். வலை வடிவமைப்பாளர்களுக்கான 'எ லிஸ்ட் அப்பார்ட்' என்னும் இணைய இதழில், 2002 மே மாதத்தில், அவ்விதழின் பக்கத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார்.

அக்காலத்தில் பல தளங்களில் 'அச்சிட உகந்த பக்கம்' என்று தனியே ஒரு படி வைப்பது வழக்கம். ஒரே கட்டுரைக்கு இரண்டு பக்கங்கள். ஒன்றில் பிழை திருத்தினால் மற்றதிலும் திருத்த வேண்டும், மறந்தால் இரண்டும் முரண்படும். மேயர் காட்டிய வழி இந்த இரட்டை வேலையை ஒழித்தது. பக்கம் ஒன்றே, உடை மட்டும் இரண்டு. அவருடைய அச்சு உடையோ மிக எளியது. பட்டியை மறை. செய்தியைச் சிறை வைத்திருக்கும் அகல அளவுகளை நீக்கு. பின்னணியை வெண்மையாக்கு. எழுத்தை 12 புள்ளி அளவில் வை. திரைக்கெனச் சேர்த்ததைக் கழிப்பதே அதன் சாரம். அச்சுப் பாணித்தாள் என்பது பெரும்பாலும் கழித்தல் கணக்கு என்னும் உண்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டியதே அக்கட்டுரையின் சிறப்பு.

அதில் இன்னொரு உத்தியும் இருந்தது. திரையில் ஓர் இணைப்பைத் தொட்டால் அது நம்மை வேறிடத்துக்குக் கொண்டு செல்லும். தாளைத் தொட்டால் எங்கும் போக முடியாது. ஆகவே, அச்சிடும்போது மட்டும் ஒவ்வொரு இணைப்பின் முகவரியையும் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தானாகவே எழுதுமாறு செய்தார். அப்போது சில உலாவிகளில் மட்டுமே இயங்கிய இந்த உத்தி பின்னர் எங்கும் பரவியது. பரவியதுதான் தொல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

ஆயத்த உடையின் குறைகள்

நல்ல வழி ஒன்று கிடைத்தால் அதை அச்சுப் பிசகாமல் நகலெடுத்துக் கொள்வது மனித இயல்பு. 2010இல் வெளிவந்த 'எச்.டி.எம்.எல்.5 பாய்லர்பிளேட்' என்னும் தொடக்கநிலைத் தொகுப்பில் அச்சுக்கென ஒரு சிறு விதித் தொகுதி சேர்க்கப்பட்டது. எழுத்தெல்லாம் கறுப்பு, நிழல்கள் நீக்கம், இணைப்புகளுக்கு முகவரி, அட்டவணை வரிகளும் படங்களும் பிளவுபடாமை, தனித்து நிற்கும் வரிகளுக்குத் தடை என்று அதில் அடிப்படைத் தேவைகள் பலவும் இருந்தன. எண்ணற்றோர் அதைத் தங்கள் பக்கங்களில் அப்படியே வைத்துக்கொண்டனர். இலவசமாகக் கிடைத்த நன்மை என்ற அளவில் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அது போதும் என்று எண்ணியதில்தான் பிழை.

முதலாவதாக, ஆயத்த விதிக்கு உங்கள் பக்கம் எது என்று தெரியாது. எது செய்தி, எது அலங்காரம் என்று அது அறியாது. ஆகவே பட்டியை மறைக்கும் வேலையை அது செய்வதேயில்லை. மேயர் கட்டுரையின் உயிர்நாடியான கழித்தல் இங்கே விடுபட்டுப் போகிறது. தைத்து விற்கும் சட்டை யாருக்கும் ஓரளவு பொருந்தும், ஒருவருக்கும் முழுமையாகப் பொருந்தாது.

இரண்டாவதாக, எழுத்தெல்லாம் கறுப்பு என்பது நல்ல விதிதான். ஆனால் 'சிவப்பில் உள்ளவை ரத்து செய்யப்பட்டவை' என்று எழுதிய பக்கத்தில் அது செய்தியையே அழித்துவிடும். இங்கே விதியை மட்டும் குறை கூறுவது முறையன்று. கறுப்பு வெள்ளை அச்சுப்பொறியிலும் இதே கதிதான். வண்ணத்தை மட்டும் நம்பிப் பொருள் சொல்லாதே, பக்கத்தில் ஒரு சொல்லையும் சேர் என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம்.

மூன்றாவதாக, 'பிளக்காதே' என்னும் கட்டளையை அளவறிந்து இட வேண்டும். ஓர் அட்டவணை வரிக்கோ சிறு படத்துக்கோ அது பொருந்தும். அரைத்தாள் நீளமுள்ள பெட்டிக்கு அதே கட்டளையை இட்டால், இடம் போதாத பெட்டி அடுத்த தாளுக்குத் தாவிவிடும். முந்தைய தாளின் அடிப்பகுதி வெறுமையாகக் கிடக்கும். தாளைக் காக்க வந்த விதியே தாளைத் தின்னும்.

தமிழ் முகவரியின் கதை

இனி முகவரி அச்சிடும் உத்திக்கு வருவோம். ஆங்கில முகவரிகள் பெரும்பாலும் சுருக்கமானவை, படித்துத் தட்டச்சு செய்யக்கூடியவை. தமிழ் முகவரிகளின் நிலை வேறு. வலை முகவரியில் தமிழ் எழுத்து வந்தால், கணினிகளுக்கிடையே அனுப்புவதற்காக அது குறியீடாக மாற்றப்படுகிறது. யூனிக்கோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக எழுதப்படுகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது அடையாளங்கள்.

'தமிழ்நாடு' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஐந்து எழுத்து. கணினிக்கு, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால், ஒன்பது குறிகள். ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81. பக்கத்தை எழுதியவர் மூலவரைவில் முகவரியைக் குறியீட்டு வடிவில் வைத்திருந்தால் (பெரும்பாலான மென்பொருள்கள் அவ்வாறே வைக்கின்றன), அச்சில் 'தமிழ்நாடு' என்ற ஒரு சொல்லுக்கு 81 அடையாளங்கள் ஓடும். நான்கைந்து சொற்கள் கொண்ட கட்டுரைத் தலைப்பு முகவரியாக மாறினால் அது மூன்று நான்கு வரிகளை விழுங்கும். ஒரு பத்தியில் ஆறு இணைப்புகள் இருந்தால் பத்தி எங்கே என்று தேட வேண்டியதுதான். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்ய எந்த வாசகரால் முடியும்?

ஆங்கிலத்தில் உதவியாக இருந்த உத்தி தமிழில் இடையூறாக மாறுவதற்கு இது தெளிவான சான்று. உத்தி கெட்டதென்று இதற்குப் பொருளில்லை. ஆராயாமல் எடுத்து வைப்பது கெடுதல். தமிழ்ப் பக்கம் எழுதுவோர் கட்டுரை நடுவில் உள்ள இணைப்புகளுக்கு முகவரியை அச்சிடாமல் விடலாம். இன்றியமையாத ஓரிரு இணைப்புகளுக்கு மட்டும் சுருக்க முகவரியைக் கையால் எழுதி வைக்கலாம். கைப்பேசியால் படிக்கக்கூடிய சதுரக் குறியீட்டை இறுதியில் சேர்க்கலாம். இருபுறமும் ஓரம் சமமாக வரவேண்டும் என்ற ஆசையையும் தமிழில் கைவிடுவது நல்லது. நீண்ட சொற்கள் நிறைந்த நம் மொழியில், குறுகிய வரியைச் சமப்படுத்தினால் சொற்களுக்கிடையே பள்ளங்கள் விழும்.

நன்றாகச் செய்யப்பட்டதற்கும் தமிழிலேயே சான்று உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். பக்கப்பட்டியும் 'தொகு' என்னும் இணைப்புகளும் மறைந்துவிடும், கட்டுரை மட்டும் தாளில் நிற்கும். எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் மீடியாவிக்கி என்ற ஒரே மென்பொருளில் இயங்குவதால், ஒரு முறை எழுதிய அச்சு விதி அத்தனை மொழியினருக்கும் பயன்படுகிறது.

பின்னோக்கிய ஓர் அடி

வலைத்தளம் அமைப்போரிடையே மிகப் பரவலாக வழங்கும் கருவித்தொகுதிகளுள் ஒன்று பூட்ஸ்டிராப். மேற்கூறிய ஆயத்த அச்சு விதிகளை அதன் முந்தைய பதிப்புகள் சுமந்து வந்தன. 2021 மே மாதத்தில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அவை நீக்கப்பட்டன. அச்சில் இதை மறை, இதைக் காட்டு என்று ஆங்காங்கே குறிக்கும் வசதி மட்டும் விட்டு வைக்கப்பட்டது.

இதில் ஒருவகை நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொது விதி எல்லாருக்கும் பொருந்தாது என்று நாமே மேலே கண்டோம். ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த விதிகள் இருந்ததையே அறியாமல் அவற்றின் நிழலில் இருந்த தளங்கள், புதிய பதிப்புக்கு மாறிய அன்றே அந்த நிழலை இழந்தன. திரையில் எந்த மாற்றமும் தெரியாததால் அமைத்தவர் கண்ணில் அது படாது. தாளில் எடுத்துப் பார்க்கும் வாசகர் கண்ணில்தான் படும். அவர் புகார் எழுதுவதில்லை, முனகிக்கொண்டே கூடுதல் தாளுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார். இத்துறையின் நோய் இதுதான். துன்பப்படுபவர் ஒருவர், திருத்தக்கூடியவர் வேறொருவர், இருவரும் சந்திப்பதே இல்லை.

உலாவிகளை உருவாக்குவோரும் இதில் குற்றமற்றவர் அல்லர். லீயும் போசும் தங்கள் சி.எஸ்.எஸ். நூலின் மூன்றாம் பதிப்பை 2005இல் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். ஆகிய இரண்டைக் கொண்டே அச்சுக்கு ஆயத்தம் செய்தனர். பக்க எண்ணும் பக்கத் தலைப்பும் அதில் முறையாக அமைந்தன. ஆனால் அதற்கு 'பிரின்ஸ்' என்னும் தனி மென்பொருள் தேவைப்பட்டது. தாளின் ஓரத்தில் நாம் விரும்பியபடி பக்க எண் இடும் அதே வசதி குரோம் உலாவிக்கு 2024 நவம்பரில், அதன் 131ஆம் பதிப்பில்தான் வந்தது. இடையில் ஓடியவை பத்தொன்பது ஆண்டுகள்.

இன்று யார் அச்சிடுகிறார்கள்?

இக்கேள்வியைப் பலர் எழுப்புவர். கைப்பேசியிலேயே எல்லாம் படிக்கும் காலத்தில் தாள் எதற்கு என்பர். விடை இரண்டு. ஒன்று, விண்ணப்பம், அட்டவணை, மருந்துக் குறிப்பு, சட்ட விதி ஆகியவற்றுக்குத் தாள் இன்னும் வேண்டியிருக்கிறது. மின்சாரம் இல்லாத வேளையிலும், இணைப்பு இல்லாத ஊரிலும், கைப்பேசி அனுமதிக்கப்படாத அறையிலும் தாள் பேசும். மற்றொன்று இதைவிட முக்கியமானது. ஒரு பக்கத்தை பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்க நாம் 'அச்சிடு' என்னும் கட்டளையைத்தானே பெரும்பாலும் பயன்படுத்துகிறோம்? அப்போதும் இதே அச்சு விதிகளே செயல்படுகின்றன. வலைப்பக்கங்கள் மாறும், மறையும். சேமித்து வைத்த படியே சான்றாக எஞ்சும். ஆகவே அச்சுப் பாணித்தாள் என்பது, வாசகர் தமக்கென வைத்துக்கொள்ளும் படியின் வடிவம். அதை அலட்சியம் செய்வது வாசகரின் நினைவாற்றலை அலட்சியம் செய்வதற்கு ஒப்பாகும்.

நீங்கள் செய்யக்கூடியது

பள்ளிக்கோ மன்றத்துக்கோ வலைப்பக்கம் அமைக்கும் மாணவர்களே, கீழ்க்காணும் ஆறு காரியங்களைச் செய்து பாருங்கள். 1. பட்டி, விளம்பரம், பொத்தான் ஆகியவற்றை அச்சில் மறையுங்கள். 2. அகல அளவுகளையும் உருட்டும் பெட்டிகளையும் தளர்த்தி, செய்தி தாளின் அகலம் முழுவதும் ஓடச் செய்யுங்கள். 3. மேலே ஒட்டி நிற்கும் பகுதிகளை அவிழ்த்துவிடுங்கள். 4. தலைப்புக்குப் பின் பக்கம் முறியாமலும், அட்டவணை வரி பிளவுபடாமலும் தடுங்கள். 5. அட்டவணையின் தலைவரியைத் தலைவரி என்றே மூலத்தில் குறியுங்கள். அவ்வாறு குறித்தால் பெரும்பாலான உலாவிகள் அதை ஒவ்வொரு தாளிலும் திரும்ப அச்சிடும். 6. பக்கத்தின் பெயரும் வெளியிட்ட தேதியும் தாளில் வருமாறு பாருங்கள். தேதியில்லாத அறிவிப்பு பாதி அறிவிப்பே.

இவை எல்லாம் சேர்ந்து முப்பது வரி விதிகளுக்குள் அடங்கிவிடும். சோதிப்பதற்குத் தாளும் தேவையில்லை. அச்சு முன்னோட்டத்தைத் திறந்து பார்த்தாலே போதும். முன்னோட்டத்தில் தெரியும் தாள்களின் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், விதிகளை எழுதிய பின் மறுபடி எண்ணுங்கள். வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

பக்கங்களைப் படிப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை ஒரு பயனுள்ள பக்கம் தாளில் சிதைந்து வந்தால், முனகலோடு நின்றுவிடாமல், எந்தத் தாளில் எது வெட்டுப்பட்டது என்று அதை அமைத்தவருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பெரும்பாலும் அவர் அதை ஒருமுறைகூட அச்சிட்டுப் பார்த்திருக்கமாட்டார்.